ஜுரம் பார்க்கிற வயர்

ஞானம்மா வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, "உள்ள வா பாய், தகரத்துல கைய வச்சிடாத" என்றாள். ஆரம்பாக்கம் ஊரில் மே மாதப் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வேனுக்குள் ஏறுவது அடுப்புக்குள் ஏறுவது மாதிரி. ரோலிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் புகை குடித்த அவள் புருஷன் சின்னதுரை, செட்டில்மென்ட் பணத்தில் வாங்கிய பழைய மெட்டடோர் அது. உள்ளே ஒரு கட்டில், ஸ்டவ், காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் மிஷின், மருந்துக்கு ஒரு ஐஸ் பெட்டி. கூரையில் சோலார் தகடு, தரைக்கு அடியில் இரும்புப் பெட்டிக்குள் ரெண்டு பாட்டரி. வேனும் வியாதியும் அவருடையவை. தகடு, பாட்டரி, நடுவில் உட்கார்ந்து சார்ஜை அளந்து விடும் கன்ட்ரோலர் மூன்றும் கும்மிடிப்பூண்டியில் என் கடைச் சரக்கு.

நுரையீரல் போன மனிதருக்கு ஆசை ஒன்றுதான் மிச்சம். ஓசூரில் இருக்கும் மகள் சோனியாவின் குழந்தையை ஞானஸ்நானத்தன்று ஒரு தரம் மடியில் வாங்க வேண்டும். பஸ்ஸில் மிஷின் ஓடாது, அதற்குத்தான் வேன். பாட்டரி ஓசூர்வரை தாங்கும் என்று மார் தட்டியவன் நான். போன வாரம் கிளம்பினார்கள். திருவள்ளூரைத் தாண்டுவதற்குள் மிஷின் நின்றுவிட்டது. வேனை ஓட்டிய டிரைவர் லோகு நேராக ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான். இனி ஊரை விட்டுக் கிளம்பவே கூடாது என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். ஞானஸ்நானம் ஓசூரில் இவர்கள் இல்லாமல் முடிந்தது. இப்போது சின்னதுரை வீட்டுக்குள் மூக்கில் குழாயோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

பெட்டியைத் திறந்தேன். ரெண்டு பாட்டரியும் வயிறு உப்பிக் கிடந்தன. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

பழவேற்காட்டில் எங்கள் குடும்பம் கருவாடு விற்ற நாளிலிருந்து ஒரு பழக்கம்: கடையில் நிற்கிறவன் வாயில் 'தெரியாது' வரக் கூடாது. வந்தால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போவான். அந்தக் கடைக்காரனுக்கும் தெரியாது, ஆனால் அவன் சொல்ல மாட்டான். கன்ட்ரோலரிலிருந்து வால் மாதிரி ஒரு வயர் தொங்கியது. நுனியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மணி. அது எதற்கென்று சின்னதுரை கேட்டபோது எனக்கும் தெரியாது. கூடவே வந்த இங்கிலீஷ் காகிதத்தில் நான் காலை நாஷ்டாவை மடித்துவிட்டிருந்தேன். கொஞ்சமும் யோசிக்காமல், "ஜுரம் பாக்குற வயர்ணே. மருந்து சூடாவாம பாத்துக்கும், அது பக்கத்துல வச்சிடுங்க" என்றேன். அவர் மூச்சு வாங்கச் சிரித்தார்.

அந்த மணியைப் பாட்டரியின் வயிற்றில் ஒட்ட வேண்டுமாம். பாட்டரி சூடானால் கன்ட்ரோலர் சார்ஜைக் குறைக்கும், குளிர்ந்தால் ஏற்றிக் கொடுக்கும். நேற்றுதான் சென்னை ஏஜென்டுக்கு போன் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். மருந்துப் புட்டிகளுக்கு நடுவில் அந்த மணி, தலைக்குக் கட்டும் சிவப்பு ரிப்பனால் சுத்தமாக முடிச்சுப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. கீழே பாட்டரி வெந்துகொண்டிருக்க, இங்கே ஐஸில் கிடந்த மணி கன்ட்ரோலரிடம் மார்கழி என்று சொல்லிச் சொல்லி, மூன்று மாசமாக சார்ஜை ஏற்றி ஏற்றிப் பாட்டரியைக் கொதிக்க வைத்திருக்கிறது.

"நான் ரெண்டு வாட்டி தண்ணி ஊத்த மறந்துட்டேன் பாய்" என்றாள் ஞானம்மா. "அதனாலதானே இப்டி ஆயிடுச்சி? அவராண்டயும் சொல்லிட்டேன், என்னாலதான்னு. அவரு அந்தாண்ட திரும்பிப் படுத்துக்கினாரு."

அவள் மறக்காமல் தினமும் ஊற்றியிருந்தாலும் பாட்டரி தாங்கியிருக்காது. முதல் தடவையாக, கேட்ட கேள்விக்கு எனக்கு நிஜமாகவே பதில் தெரிந்திருந்தது.

"வெயிலு ஜாஸ்திமா இந்த வருஷம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் குனிந்து ரிப்பனை அவிழ்த்தேன். மணி உள்ளங்கையில் ஜில்லென்று இருந்தது; அந்த ஐஸ் பெட்டிக்கு வெளியே வேனில் குளிர்ந்த பொருள் அது ஒன்றுதான்.

"இன்னா பாய் பண்ற? அத்த எடுக்காத, மருந்து கெட்டுடும்."

என் கையிலிருந்து அதை வாங்கி, கரைந்துகொண்டிருந்த ஐஸை ஒதுக்கி, புட்டிகளுக்கு நடுவில் வைத்து மறுபடியும் ரிப்பனைச் சுற்றினாள். அவள் தலைக்கு மேலே கன்ட்ரோலரில், எல்லாம் சரி என்கிற பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.