அழியாத முதல் வரி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உயிர் போன சாமான் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கிவந்தது முதுகு பெருத்த கம்ப்யூட்டர் மானிட்டர். பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் ‘பிணவறை அலுவலகம்’ என்றிருந்தது. அம்மா பார்த்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள் என்று அதைச் சுரண்டிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

வீட்டில் அம்மாவும் அவனும் மட்டும்தான். அண்ணன் கோபித்துக்கொண்டு போய் ஒன்பது வருடமாகிறது. எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதுகூட இப்போது மறந்துவிட்டது. “போனா போ, உன்ன யாரு தேடப்போறா” என்று தான் சொன்னது மட்டும் மறக்கவில்லை. அம்மா ஒருநாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை. ரோஷக்காரன், ஆறினால் தானே வந்துவிடுவான் என்பாள். அவள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அவனால் நிம்மதியாகச் சாப்பிடவும் தூங்கவும் முடிந்தது.

மானிட்டரை மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டான். திரை முழுக்க இருட்டு. நடுவில் மட்டும் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. உள்ளே எங்கோ ஒயரைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று விட்டிருக்கிறது என்று புரிந்துவிட்டது. ப்ளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றினான். பிக்சர் டியூப் பொல்லாதது. ப்ளக்கை எடுத்த பிறகும் கரன்ட்டைப் பதுக்கி வைத்திருக்கும். அதை வெளியேற்ற, ஒயர் கட்டிய ஸ்க்ரூடிரைவரை டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் செருகினான். ‘டப்’ என்று ஒரு சத்தம். பத்து மாடி லிஃப்டின் மேல் நின்று வேலை பார்க்கிறவனுக்கு அதற்கே முதுகு வேர்த்துவிட்டது.

விரிசல் விட்டிருந்த பற்றைச் சூடுவைத்து ஒட்டினான். மூடிவிட்டு, கம்ப்யூட்டரோடு இணைத்துப் போட்டதும் கோடு மேலும் கீழுமாக விரிந்து முழுத்திரையும் வெளுத்தது. தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

அந்த வெள்ளையில் மங்கலாக ஏதோ எழுத்து தெரிந்தது. கம்ப்யூட்டரில் திறந்திருந்த வெற்றுப் பக்கத்தை மூடினான், எழுத்து போகவில்லை. கேபிளைப் பிடுங்கினான், போகவில்லை. சுவிட்சை அணைத்து ப்ளக்கையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். செத்த கண்ணாடியில் எழுத்து அப்படியே இருந்தது. பட்டப்பகலில் அவனுக்கு உடம்பு சில்லிட்டது.

பிறகுதான் தொழில் புத்தி வேலை செய்தது. ஒரே எழுத்து ஒரே இடத்தில் வருடக்கணக்காக எரிந்தால் கண்ணாடியில் தங்கிவிடும். மாறிக்கொண்டே இருப்பது தங்காது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, மானிட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

தலைப்பு, ‘உரிமை கோரப்படாத உடல்கள்’. கீழ் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெறும் அழுக்காகத் தெரிந்தன. அந்த வரிகளில் இருந்தவர்களைத் தேடி யாராவது வந்திருக்கிறார்கள், வரிகளும் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. முதல் வரி மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது.

‘ஆண். வயது சுமார் 30. இடது காது மடலில் பழைய கடித் தழும்பு. நீலச் சட்டை, ஒரு பொத்தான் மட்டும் பச்சை.’

கடித்தது இவன்தான், நாலு வயதில், ஒரு பந்துக்காக. பச்சைப் பொத்தான் தைத்தது அம்மா. பக்கத்தில் இருந்த தேதி, அண்ணன் போன ஐந்தாம் நாள்.

யார் தேடப்போகிறார்கள் என்று கேட்டானே, கண்ணாடியே கருகும்வரை யாரும் தேடி வரவில்லை. அம்மா இதைப் பார்த்தால் தாங்கமாட்டாள் என்ற ஒன்றுதான் தோன்றியது. கைக்குக் கிடைத்த துண்டை எடுத்துத் திரைமேல் போட்டான்.

அம்மா ஏற்கெனவே அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் துண்டை விலக்கினாள். குனிந்து படிக்கவில்லை. அவள் விரல் நேராக முதல் வரிக்குப் போனது.

“இத்தன வருஷமா இத எடுக்கவே இல்லியா அவங்க?” என்றாள்.

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

“அப்பவே போலீஸ்ல கூட்டிட்டுப் போய் இந்த வரியயும் காட்டினாங்க, அவனயும் காட்டினாங்கடா. இது என் புள்ள இல்லேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

ஏம்மா என்று அவன் கேட்டது அவனுக்கே கேட்கவில்லை.

“ஆமான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே நீயும் செத்திருப்ப. எனக்கு ஒருத்தனாவது வேணாமா?”

அவன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவள் அழவில்லை. அவன் அழுது தீர்க்கட்டும் என்பதுபோல் நின்றாள். பிறகு அவன் தோளைத் தொட்டாள்.

“எந்திரி. அவன் ரூமுக்குத் தூக்கிட்டுப் போலாம். இனிமே வெளிய வைக்க வேணாம்.”

அவன் எழுந்து ஒரு பக்கம் தூக்கினான். மறுபக்கத்தை அம்மா பிடித்துக்கொண்டாள்.