இருபத்து மூன்றாம் கணினியின் நகல்

தக் இன்-சுக்குக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. துறைமுகத் தெருவில் இரண்டாம் மாடியில் இருந்த கணினி விளையாட்டுக் கூடத்தில் அறுபது கணினிகளையும் அவள் ஒருத்தியே கட்டி மேய்த்தாள். அங்கே எந்தக் கணினியை அணைத்தாலும், அன்றைக்கு நடந்ததை எல்லாம் மறந்துவிட்டுப் புதுசு போல எழுந்திருக்கும். வருகிறவர்கள் எதை இறக்கினாலும், எந்த வைரஸைக் கொண்டுவந்தாலும், அணைத்தால் போச்சு.

அது கடையில் வாங்கிய மென்பொருள். மற்ற சில்லறை வேலைகளுக்கு இன்-சுக் தானே சின்னச் சின்ன நிரல்கள் எழுதி வைத்திருந்தாள். கவுண்டரில் உட்கார்ந்தபடியே எந்தத் திரையையும் பார்க்க ஒன்று. அறுபதையும் ஒரே சொடுக்கில் அணைக்க ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலே அதன் வன்வட்டில் இருப்பதை அப்படியே நகல் எடுத்துக் கவுண்டருக்கு இழுத்துக்கொள்ள ஒன்று. ஒருமுறை நகல் பாதியில் இருக்கும்போது முதலாளி ஹா கணினியை அணைத்துத் தொலைத்துவிட்டார். அதிலிருந்து, 'நகல் எடுக்கப்படுகிறது, அணைக்காதே' என்று அந்தத் திரையிலேயே ஒரு கட்டம் வரும்படி செய்துவிட்டாள்.

கீழே யங்-ரானின் கடை. மீன் வில்லைகளைக் குச்சியில் கோத்துக் கொதிக்கும் சாற்றில் போட்டு விற்பாள். இன்-சுக்கின் மதியச் சாப்பாடு தினமும் அங்கேதான். யங்-ரான் தன் புருஷனை விவாகரத்து செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவதாகப் போலீஸில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் அத்தாட்சி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

நவம்பரில் ஒரு நாள் மாலை நாலு மணி. சன்னலோரம் இருபத்து மூன்றாம் இருக்கையில் மூன்று நாளாக வந்துகொண்டிருந்த ஆள் கத்தினான்.

"ஏய், இந்தச் சனியன் நிக்குது! என்னன்னு பாரு!"

"பாக்குறேண்ணே. நீங்க சிகரெட் பிடிச்சிட்டு வாங்க."

அவன் வெளியே போனான். இன்-சுக் கவுண்டரிலிருந்தே அவன் திரையைத் திறந்தாள். விளையாட்டு உறைந்து கிடந்தது. அதை மூடியதும் பின்னாலிருந்த அரட்டைச் சாளரம் முன்னால் வந்தது. யங்-ரான் கடையின் பின்கதவை மேலேயிருந்து எடுத்த படம். அதன் கீழே: 'ஆறு மணிக்குக் கடையை மூடுவாள். மீன் சந்துக்குள் வருவாள். முட்டி ரெண்டையும் உடைச்சிடு. மூஞ்சியை எனக்கு விட்டுடு. என் பெண்டாட்டியா இருந்தவ, நான் பாத்துக்கறேன்.' எதிர்ப்பக்கத்திலிருந்து பதில்: 'பைப் ரெடி.'

இன்-சுக் உடனே நகல் எடுக்கும் நிரலை ஓட விட்டாள். பிறகு போலீஸுக்குப் போன் போட்டு, கவுண்டருக்குக் கீழே குனிந்து முகவரியைச் சொன்னாள். நிமிர்ந்தபோது அவன் திரும்பி வந்து இருபத்து மூன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். திரையில் அந்தக் கட்டம் இருந்தது. முப்பத்து எட்டு சதவீதம்.

"இது என்னதுடி?"

"வைரஸ் பாக்குதுண்ணே. ரெண்டே நிமிஷம்."

"நகல்னு போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவன் அணைக்கும் பொத்தானுக்குக் கையை நீட்டினான். இன்-சுக் ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து முகத்தை விசைப்பலகையில் அறைந்தான். ஒருமுறை இல்லை, மூன்று முறை. விசைகள் தெறித்தன, கூடவே இரண்டு பற்களும். அவள் சரிந்து மேசைக்கடியில் விழுந்து, கணினிப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவன் விலாவில் உதைத்தான். பொத்தானை மூடியிருந்த அவள் வலது கை மேல் பூட்ஸ் காலால் ஏறி மிதித்தான். எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது.

பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தூரத்தில் இருந்த சிலர் காதில் ஹெட்போனோடு விளையாடிக்கொண்டே இருந்தார்கள்.

"விட்டுடு இன்-சுக்! ஒரு பொட்டிதானே, குடுத்துத் தொலை!" என்றார் முதலாளி ஹா.

"யங்-ரான் அக்காவ ஓடச் சொல்லுங்க!" வாயில் ரத்தத்தோடு கத்தினாள். "இவன் அவ பழைய புருஷன்! அவ மூஞ்சியச் சிதைக்க வந்திருக்கான்!"

ஹா படியிறங்கி ஓடினார். ஆனால் யங்-ரான் ஓடவில்லை. அடுப்பில் இருந்த சாற்றுப் பாத்திரத்தைக் கரித்துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தாள். அதற்குள் அவன் சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டிருந்தான். கட்டம் எழுபத்தொன்றில் இருந்தபோது திரை இருண்டது.

"பொங்-தெய்க்!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பியதும் அத்தனையையும் அவன் முகத்தில் ஊற்றினாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு மண்டியிட்டான். வெறும் பாத்திரத்தால் அவன் தலையில் அடித்தாள்.

"மூஞ்சியா வேணும் உனக்கு? எந்திரிடா! எந்திரிச்சு எடுத்துக்கோடா!"

போலீஸ் வந்து பாத்திரத்தைப் பிடுங்கும்வரை அடித்தாள்.

வந்த அதிகாரி கணினியை மறுபடி போட்டுப் பார்த்தார். சுத்தமான நீலத் திரை வந்தது. "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. அடி ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனா வெந்து கெடக்கிறவன் அவன். நாங்க யாரப் பிடிக்கிறது?"

தாடை வீங்கி இன்-சுக்குக்குப் பேச வரவில்லை. தவழ்ந்து போய்க் கவுண்டர் கணினியில், இடது கையால் அந்த அரைகுறை நகலைத் திறந்தாள். அறுபது கணினிகளிலும் மற்றதெல்லாம் ஒன்றேதான் என்பதால், அன்றைய நாளில் மாறியதை முதலில் நகலெடுக்கும்படிதான் நிரலை எழுதியிருந்தாள். அரட்டை முழுசாக இருந்தது. அதிகாரி படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். ஆறு மணிக்கு மீன் சந்தில், கோட்டுக்குள் இரும்புக் குழாயோடு நின்றவனைப் பிடித்தார்கள்.

இன்-சுக்கின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். நாலாம் நாள் யங்-ரான் கஞ்சியும் உறிஞ்சுகுழலும் கொண்டுவந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அதப் படிச்சதும் ஏன்டி நீ கீழ ஓடி வரல? மொதல்ல நகல் எடுக்க உக்காந்துட்டியே."

இன்-சுக் இடது கையால் காகிதத்தில் கோணல் மாணலாக எழுதினாள்: 'அவங்க உங்கிட்ட மூணு தடவை அத்தாட்சி கேட்டாங்க.'

யங்-ரான் படித்துவிட்டுத் தலையாட்டினாள். "சரிதான். ஆனா சிகரெட் முடிச்சிட்டு அவன் மேல வராம, நேரா கீழ எங்கிட்ட வந்திருந்தா?"

இன்-சுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உறிஞ்சுகுழலை எடுத்தாள்.

வசந்தத்தில் தீர்ப்பு வந்தது. பொங்-தெய்க்குக்கு ஆறு வருஷம், குழாய்க்காரனுக்கு இரண்டு. சாற்றை ஊற்றியதற்காக யங்-ரான் மேல் போட்ட வழக்கை, நகலைப் பார்த்தபின் அரசு வழக்கறிஞர் கைவிட்டார். இன்-சுக்கின் வலது கையில் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. அதற்கு முன்பே, ஜனவரியில், தாடைக் கம்பி எடுத்த மறுநாள் மதியம் அவள் கீழே போனாள். யங்-ரான் வழக்கம்போல இரண்டு குச்சிகளும் ஒரு கிண்ணம் சாறும் வைத்தாள். இருவருக்கும் இடையே பேச்சு பழையபடி வரக் கோடை ஆகிவிட்டது.