மாதிரி அறை

பஞ்சுக்காரர் தன் கடையின் பின்கட்டில் கட்டிய மாதிரி அறைக்குள் பேசிய பேச்சு ஒன்றுகூட இதுவரை வெளியே வந்ததில்லை. சுவர் வழியாகவும் வந்ததில்லை, பேசியவர்களின் வாய் வழியாகவும் வந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எதைப் பற்றிப் பேசினாலும் அது அங்கேயே தங்கிவிடும். வெளியே காலெடுத்து வைத்ததும் சொன்னவருக்கும் அந்த விஷயம் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. மறுபடி உள்ளே போனால், கழற்றி மாட்டிய சட்டையைப் போல விட்ட இடத்திலேயே இருக்கும். மற்றபடி அது நல்ல அறை. காற்றோட்டம் போதாது என்பதைத் தவிர வேறு குறை யாரும் சொன்னதில்லை.

பஞ்சு என்றால் தலையணைப் பஞ்சு அல்ல. கண்ணாடி இழையில் செய்த கிளாஸ் வுல், பாறையை உருக்கிச் செய்த ராக் வுல், ஃபோம், ரப்பர் ஷீட், கூரைக்கு அடியில் ஒட்டும் வெள்ளித்தாள் என்று வெயிலையும் சத்தத்தையும் கட்டடத்துக்குள் விடாத சாமான்கள் விற்கும் கடை அது. பெயர்ப்பலகை பஞ்சுக்காரரின் பெயரில் இருந்தாலும் வியாபாரம் அவர் மனைவியுடையது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அந்த அம்மாள்தான். வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "சத்தம் எங்கேருந்து வருது? ரோட்லேருந்தா, மாடிலேருந்தா, இல்ல உங்க வீட்டுக்குள்ளேருந்தேவா?" என்றுதான். ரோட்டுச் சத்தமென்றால் முதலில் ஜன்னல் இடுக்கை அடைக்கச் சொல்வார். இடுக்கை விட்டுவிட்டுச் சுவரெல்லாம் பஞ்சு அடிப்பது வீண் என்பார். மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தமென்றால் மாடிக்காரர் தன் தரையில் ரப்பர் போடவேண்டும், அவர் போடமாட்டார், ஆகவே பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒன்றும் விற்காமலேயே அனுப்பிவிடுவார். வீட்டுக்குள்ளிருந்தே வரும் சத்தம் என்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பார். பஞ்சுக்காரருக்கு இதெல்லாம் வராது. எது நல்லது என்று கேட்டால் எல்லாமே நல்லதுதான் என்பார். மனைவி ஏதாவது சொன்னால் "ம்" என்பார். "உங்ககிட்ட சொல்றதுக்கு அந்த ராக் வுல்கிட்ட சொல்லலாம்" என்று அவர் மனைவி கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே சொல்வதுண்டு. அதற்கும் "ம்" என்பார்.

பெரிய கட்டடக்காரர்கள் சாமானைக் கையில் தொட்டுப் பார்த்து நம்பமாட்டார்கள், ஒரு மாதிரி அறை இருந்தால் உள்ளே நிறுத்திக் காட்டலாம் என்று யோசனை சொன்னதும் அவர் மனைவிதான். பஞ்சுக்காரர் கட்ட ஆரம்பித்தார். எந்தச் சாமானைக் காட்டுவது என்று தீர்மானிக்க முடியாமல் கடையில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தார். செங்கல்லுக்கு மேல் ரப்பர், ரப்பருக்கு மேல் ராக் வுல், நடுவில் பசை தடவிய இரட்டை ஜிப்சம் பலகை, கொஞ்சம் இடைவெளி, கிளாஸ் வுல், ப்ளைவுட், ஃபோம், எல்லாவற்றுக்கும் மேல் சாம்பல் நிறத் துணி. கதவுக்கும் அதே அடுக்குகள். காற்றுக்கு ஒரு குழாய், அதுவும் சத்தம் தப்பிவிடாதபடி பல முறை வளைந்து. கட்டி முடித்தபோது பெரிய கூடமாக இருந்த பின்கட்டு ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலியும் கொள்ளுமளவுக்குச் சுருங்கியிருந்தது. "ரூம் கட்டச் சொன்னா டப்பா கட்டி வெச்சிருக்கீங்க" என்றார் மனைவி.

அறை கட்டிய புதிதில் ஒரு காலை அவர் மனைவி மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார். கொஞ்ச நாளாக வயிற்றில் வலி, பரிசோதனை முடிவு அன்று தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் திரும்பி வந்தபோது பக்கத்துப் பட்டறையில் வெல்டிங்காரர் இரும்புக் கதவு ஒன்றைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்க முடியாத சத்தம். "கொஞ்சம் உள்ள வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்" என்று கணவரை மாதிரி அறைக்குக் கூட்டிப்போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். இருவர் கண்களும் சிவந்து வீங்கியிருந்தன. எதிர்வரிசையில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் ஆள், அதாவது இதை எழுதுகிறவன், என்ன அண்ணி ஆச்சு என்று கேட்டான். "இந்த கிளாஸ் வுல் தூசி தம்பி, கண்ணைக் கரிக்குது" என்றார். பஞ்சுக்காரரும் கண்ணைத் துடைத்தபடி ஆமாம் என்றார். கிளாஸ் வுல் கண்ணைக் கரிக்கும் என்பது உண்மை. அதனால் யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

அறையின் குணம் ஊருக்குத் தெரியவர அதற்குப் பிறகு சில மாதங்கள் ஆயின. பொதுச்சுவருக்காகப் பல வருடம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவர் பஞ்சு வாங்க வந்த இடத்தில் உள்ளே போய் வாய்ச்சண்டை போட்டுவிட்டு, தோளில் கைபோட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். எதற்காகப் பேசாமலிருந்தோம் என்று இருவருக்குமே தெரியவில்லை. அதன்பின் கூட்டம் வர ஆரம்பித்தது. பெரிய கம்பெனி ஒன்று தன் ஆட்குறைப்பு ஆலோசனையை அங்கே நடத்தி, யாரை நிறுத்துவது என்று தெரியாமல் யாரையும் நிறுத்தாமல் விட்டது. கட்டிக்கொள்ளாத பெண்ணைப் பற்றிப் பேசிவிட்டு வந்த தலைமையாசிரியர் முதல்முறையாக உடம்பில் சதை போட்டார். வேன் ஓட்டுநர் ஒருவர் பேச்சுவாக்கில் வண்டியை நிறுத்திய இடத்தை உள்ளே சொல்லிவிட்டார். வண்டியை இன்னும் தேடுகிறார். எழுதி வெளியே கொண்டுவந்தவர்கள் உண்டு, கையெழுத்து தங்களுடையது என்பது வரைக்கும் தெரிந்தது, படிக்க வரவில்லை. போனில் பதிந்தவர்களுக்கு மின்விசிறிச் சத்தம் கிடைத்தது. கதவைத் திறந்து வைத்துப் பேசினாலும் வெளியே நிற்பவருக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. இதை எழுதுகிறவனுக்கு மூடிய இடத்தில் மூச்சு முட்டும், அதனால் அவன் ஒருநாளும் உள்ளே போனதில்லை.

பஞ்சுக்காரரும் மனைவியும் பட்டறைச் சத்தத்துக்குப் பயந்து தினமும் மதியச் சாப்பாட்டை அந்த அறையில் வைத்துக்கொண்டார்கள். உள்ளே போகும்போது சாம்பாரில் உப்பு அதிகமா குறைவா என்று வம்பு பேசிக்கொண்டே போவார்கள். வரும்போது தட்டில் சாப்பாடு அப்படியே இருக்கும், கண் சிவந்திருக்கும். அந்த அம்மாள் சிலநாள் முந்தானையில் ஒரு முடிச்சோடு வருவார். அதைப் பார்த்து, எதுக்குப் போட்டேன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அவிழ்த்துவிடுவார். ஒருநாள் இருவரும் அறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். அவர் கையில் கடைச்சாவி, அந்த அம்மாள் தோளில் பை. வாசலுக்கு வந்ததும் நின்றார்கள். "எங்க கெளம்புனோம்?" என்றார் பஞ்சுக்காரர். "தெரியலையே. பால் வாங்கவா?" என்றார் மனைவி. இருவரும் போய்ப் பால் வாங்கி வந்தார்கள். எதிர்க்கடையிலிருந்து பார்த்தபோது சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதே அந்த அம்மாள் மயங்கி விழுந்தார். வெல்டிங்காரர் தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பழைய பரிசோதனை முடிவை எடுத்தார். இது அன்றைக்கே உங்களிடம் சொன்னதுதானே, உடனே சேருங்கள் என்றேனே, இப்போது என்னால் செய்வதற்கு ஒன்றுமில்லையே என்றார். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பஞ்சுக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. தினமும் மதியம் உள்ளே போய் இதைத்தான் பேசியிருக்கிறார்கள். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தினமும் முடிவுசெய்து எழுந்திருக்கிறார்கள். தினமும் கதவைத் தாண்டியதும் பால் வாங்கப் போயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் சில வாரம் இருந்தார். ஒரு மாலை இதை எழுதுகிறவன் பிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு போயிருந்தபோது அவர் கணவரிடம் கேட்டது காதில் விழுந்தது. "நான் உங்ககிட்ட சொல்லியிருப்பேன்ல?"

"சொல்லாம இருப்பியா."

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

பஞ்சுக்காரர் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார்.

"ம்னு மட்டும் சொல்லியிருக்க மாட்டீங்களே?"

சொல்ல என்ன இருக்கிறது, பதில் அவரிடம் இல்லை, கடைக்குப் பின்னால் அந்த அறையில் இருந்தது. மறுநாள் கேட்டு வந்து சொல்வதாக நினைத்திருப்பார். கேட்டு வந்து சொல்லமுடியாது என்பது பிறகு உறைத்திருக்கும். அந்த வாரமே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்த அன்று பஞ்சுக்காரர் மாதிரி அறைக்குள் போனார். போனவர் வெளியே வரவில்லை. சாயங்காலம் வெல்டிங்காரர் அவரைக் கூட்டிவர உள்ளே போய், வெகுநேரம் கழித்துத் தனியே வந்தார்.

"என்னப்பா, வரலையா?" என்றார்கள் வாசலில் நின்றவர்கள்.

"வரமாட்டார்."

"ஏன்?"

வெல்டிங்காரர் நெற்றியைத் தேய்த்தார். "தெரியல. ஆனா விட்டுருங்க, அங்கேயே இருக்கட்டும்."

அவரைக் கூட்டிவரப் போன எல்லோரும் அப்படித்தான் திரும்பினார்கள். பிடிவாதத்தோடு உள்ளே போவார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவருக்கு ஒரு தலையணை கொடுத்தனுப்புவார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போக வந்தாள். பயணத்துக்கு அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தாள். உள்ளே போய் ஒரு பகல் முழுதும் இருந்துவிட்டு வந்து, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தாள். வேலை என்னாச்சு என்று கேட்டதற்கு, இங்கேயே இருக்கணும் போல இருக்கு என்றாள். அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் மெல்லப் புலப்பட்டது. கடையில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தை அவள் கழற்றித் துடைத்து மேசைமேல் நிறுத்தினாள். உயிரோடிருப்பவர் படத்தை யார் இவ்வளவு உயரத்தில் மாட்டியது என்று வெல்டிங்காரரைக் கேட்டாள். அவர் தனக்குத் தெரியாது என்றார். படத்தை மாட்டியவரே அவர்தான். உள்ளே போன ஒவ்வொருவரிடமும் பஞ்சுக்காரர் மனைவி இறந்ததைச் சொல்லி அழுதிருக்கிறார், அவர்களும் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். சாவும் அங்கேயே தங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அந்த அம்மாள் இறந்தது தெரியாமல் போயிற்று.

கோடையில் காற்றுக்குழாயின் விசிறி நின்றுபோய் அறை அடுப்பாகக் கொதித்தது. மகளும் வெல்டிங்காரரும் பஞ்சுக்காரரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். கதவைத் தாண்டியதும் அவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்கம்மா எங்க?" என்றார்.

"பக்கத்துல எங்கயாவது போயிருப்பாங்கப்பா."

"சாப்பிட்டாளா?"

இதை எழுதுகிறவனுக்குப் பொறுக்கவில்லை. ரோட்டைக் கடந்து போய் உண்மையைச் சொன்னான். ஆஸ்பத்திரியை, டாக்டரை, எல்லாவற்றையும் சொன்னான். மூவரும் அப்போதுதான் கேள்விப்பட்டவர்களாகக் கதறினார்கள். அப்போதுதான் கேள்விப்பட்டார்கள் என்பதே சரி. பஞ்சுக்காரர் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். விசிறியைச் சரிசெய்ததும் மகளும் வெல்டிங்காரரும் ஆறுதல் சொல்ல அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே வந்தபோது மூவரும் அமைதியாக இருந்தார்கள். இந்த முறை அவர் தன் காலால் நடந்து வந்தார். ஆஸ்பத்திரியில் மனைவி கேட்டதற்கு அவர் தேடிப்போன பதில் உள்ளே அவருக்குக் கிடைத்திருக்கும். அது எந்த மாதிரிப் பதில் என்றால், அதோடு ஒரே அறையில் இருக்க முடியாத மாதிரி என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. வெளியே வந்து மேசையைப் பார்த்தவர், "உங்கம்மா எங்க போயிட்டா, படத்தை மட்டும் வெச்சுட்டு?" என்றார்.

இன்னும் ஒரு முறை சொல்ல எதிர்க்கடைக்காரனுக்கு மனம் வரவில்லை. மகளுக்குத் தெரிந்தால் அவளும் அழுவாள், அழுதால் அறைக்குப் போவாள், வந்தால் மறுபடி கேட்பாள். இப்போது அந்தத் தெருவில் அந்த அம்மாள் கொஞ்சம் தாமதமாகிற ஒருவர், அவ்வளவுதான். மதியம் அவருக்கும் சேர்த்துச் சோறு வைக்கிறார்கள். வாடிக்கையாளர்கள், அம்மா வந்தா அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கறோம் என்று திரும்பிப் போகிறார்கள்.

போன வாரம் பஞ்சுக்காரர் ரோட்டைக் கடந்து நகல் கடைக்கு வந்தார்.

"தம்பி, அவளைப் பாத்தியா?"

"வந்துடுவாங்கண்ணே."

"வந்ததும் அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னண்ணே?"

அவர் யோசித்தார். பட்டறையில் யாரோ இரும்பை அடிக்கத் தொடங்கியதால் கொஞ்சம் குரலை உயர்த்தவேண்டியிருந்தது.

"ஞாபகம் வரல. அவ கேட்டா சொல்லிடுவேன்."

கடையில் யாரோ கூரைக்கு என்ன போடுவது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லாமே நல்லதுதான் என்று சொல்லியபடி அவர் ரோட்டைக் கடந்து போனார்.