தீராத வயிற்றுவலி

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பல் விளக்கினேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாதியைக் காய்ச்சினேன், பாதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். நேற்றைய பாதியைக் கொட்டினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். முதலில் காலர், பிறகு கை, பிறகு முதுகு. கடையில் நான்கு இட்லி வாங்கி அங்கேயே நின்றபடி தின்றேன். ஏழரைக்கு போலீஸ் ஸ்டேஷன், வரவேற்பு மேஜை. எட்டு மாதமாக இதே வரிசைதான்.

ஒன்பதரைக்கு போன் வந்தது. பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பெண் மருந்து குடித்துவிட்டாள் என்றார்கள். எங்கள் பக்கம் மருந்து என்றால் பருத்திக்கு அடிப்பது. ஸ்டேஷனில் பைக் சாவியோடு நின்றவன் நான் மட்டும்தான். போனேன்.

போகும்போதே தெரியும், இது எப்படி முடியும் என்று. எங்கள் ஸ்டேஷனில் எந்தப் பெண் மருந்து குடித்தாலும், தூக்கில் தொங்கினாலும், கிணற்றில் விழுந்தாலும் காரணம் ஒன்றுதான். தீராத வயிற்றுவலி. புகார் எழுதுகிறவருக்கு அந்த வரி கைப்பழக்கம். கையெழுத்துப் போடுகிற வீட்டாருக்கும் அது வசதி. யார் மேலும் குற்றமில்லை, வயிற்றின் மேல்தான். மூன்று வருடத்தில் நானே பதினோரு முறை எழுதியிருக்கிறேன்.

என் மனைவி பாக்யலட்சுமி உண்மையாகவே வயிற்றுவலியில் செத்தவள். குடல்வால் வெடித்தது. அதற்கு முன் இரண்டு நாள் சூட்டு வலி என்று சொல்லி வெந்தயம் கொடுத்தேன். நான் எம்.எஸ்சி. வேதியியல்.

ஊரில் பாதி அந்த வீட்டு வாசலில் நின்றது. எட்டு செல்போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவர் கையிலும் தண்ணீர் இல்லை. தாழ்வாரத்தில் அந்தப் பெண் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். வாயில் நுரை. வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் சோப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்த டம்ளர்க்கா இது?"

"அதே டம்ளர்தாந் தம்பி. அவ குடிச்சதாச் சொன்னாங்களே அது. அவசரத்துக்கு வேற எங்க தேடுறது?"

தடயம் ஒன்று அங்கேயே முடிந்தது. உதவி செய்த ஒரே ஆளும் அவள்தான். யாரைத் திட்டுவது?

அந்தப் பெண்ணின் பெயர் வெற்றிச்செல்வி. புருஷன் சுரேஷ்குமார், டிராக்டர் ஓட்டுகிறவன், கன்னத்தில் கைவைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அழுவதற்குத் தோதான இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். எல்லாக் கேமராவுக்கும் தெரியும். அவன் அம்மா ஆண்டாயி தூணைப் பிடித்துக்கொண்டு, "வயித்து வலி வயித்து வலின்னு துடிச்சாளே, நான் என்னா பண்ணுவேன்," என்று ராகம் போட்டாள். நான் எழுதுவதற்கு முன்பே அவள் எழுதிவிட்டாள்.

குனிந்து கேட்டேன். "என்னம்மா ஆச்சு?"

கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"நான் குடிக்கல சார். அவரு மூடியப் பல்லால கடிச்சுத் தெறந்தாரு. அத்த மூக்கப் புடிச்சுக்கிட்டாங்க."

பாக்கெட் நோட்டை எடுத்து அப்படியே எழுதினேன். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. மாவுக்கட்டுக் கையால் அந்த பாட்டில் மூடியைத் திருக முடியாது. நல்ல கை இருப்பவர்களுக்கே அது வராது. பருத்திக்காரர்கள் எல்லோரும் பல்லால்தான் கடிப்பார்கள், பிறகு துப்புவார்கள். அப்படியென்றால் மூடியில் பல் பட்டிருக்கும். எச்சில் இருக்கும்.

108 வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். கதவைச் சாத்தும்வரை அவளுக்கு நினைவு இருந்தது. சுரேஷ்குமார் கூடவே ஏறப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இறக்கிப் பொன்னுத்தாயை ஏற்றிவிட்டேன்.

"நான் புருஷன் சார்."

"தெரியுது. கட்டில்லயே உக்காரு."

எஸ்எஸ்ஐ வைத்திலிங்கத்துக்கு போன் போட்டேன். மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்குப் போய் வாக்குமூலம் வாங்க வேண்டும், தடயவியல் ஆள் வேண்டும் என்றேன். "டீ குடிச்சுட்டு வரேன், எதையும் தொடாத," என்றார். நல்ல அறிவுரை. என்னைத் தவிர எல்லோரும் தொட்டாகிவிட்டது.

மறிப்பதற்கு மஞ்சள் டேப் இல்லை. சிறுவாச்சூர் கோயில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனது, வரிசை கட்ட ஆகிவிட்டது. கொடியில் காய்ந்த ஒரு வேட்டியை எடுத்துத் தாழ்வாரத் தூண்களுக்குக் குறுக்கே கட்டினேன். அது சுரேஷ்குமாருடையது. "புது வேட்டி சார்," என்றான். மனைவி 108-இல் போய்க்கொண்டிருந்தாள்.

பத்து நாற்பதுக்குப் பொன்னுத்தாயிடமிருந்து யாருக்கோ போன் வந்தது. திருச்சி ரோட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டதாம்.

அழுகை ஒரு நிமிடம். பிறகு வாளிகள் கிளம்பின. சாவு என்ற சொல் காதில் விழுந்ததும் இந்த ஊரில் பெண்களின் கை தானாக வேலை செய்யும். குடத்துத் தண்ணீரைக் கொட்டு. சாணி கரை. வீட்டைக் கழுவு. கெட்ட எண்ணம் எதுவுமில்லை. காலங்காலமாகச் செய்கிற வேலை. ஏழெட்டுப் பேர் வாளியோடு வேட்டிக்கு முன் வந்து நின்றார்கள். நான் குறுக்கே நின்றேன்.

"யாரும் உள்ள போகக் கூடாது."

"தீட்டு வூட்டக் கழுவாம எப்புடிப்பா ஒல வைக்கிறது?"

"இன்னிக்கு வைக்க வேணாம்."

"இது என்னா புதுசா இருக்கு. பொணம் வர்றப்ப வூடு நாறிக் கெடக்கணுமா?"

"ஆமா."

"ஒன் பொண்டாட்டி செத்தப்ப ஒங்க வூட்டக் கழுவலியா?" என்றாள் ஒருத்தி. ஸ்டேஷன்காரன் கதை ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

என் வீட்டைக் கழுவினார்கள். குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்த பாக்யலட்சுமியின் பொட்டுகூட மிச்சமில்லை. இதைச் சொல்லவில்லை. "பின்னாடி போங்க," என்றேன்.

வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றதில் எனக்கு ஒரு திருப்தி. பாடம் படித்தவனின் திருப்தி. பத்து நிமிடம் கழித்து என் ஷூவுக்கடியில் ஈரம் வந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் வாசலை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்கட்டு வாசல் ஒன்று உண்டு. எல்லா வீட்டுக்கும் உண்டு. வேட்டியை முன்னால் கட்டிய மேதாவிக்கு அது தோன்றவில்லை. நான் "பின்னாடி போங்க" என்று சொன்னதை ஆண்டாயி அப்படியே கேட்டிருக்கிறாள்.

ஓடினேன். தாழ்வாரம், அடுப்படி, நடை எல்லாம் கழுவியாகிவிட்டது. டம்ளர் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, பளபளவென்று. ஆண்டாயி துடைப்பத்தோடு நின்றாள். பக்கத்தில் மருந்து பாட்டில், அதுவும் கழுவியது.

"எதுக்கும்மா கழுவுன?"

"புள்ளைங்க எடுத்து வாயில வச்சுருமே தம்பி."

அந்த வீட்டில் பிள்ளைகளே இல்லை.

பாட்டிலைத் துணியால் பிடித்து எடுத்தேன். மூடி இல்லை. ஆண்டாயிக்கும் மூடியைப் பற்றித் தெரியவில்லை. அவள் அதைத் தேடவில்லை. கடித்துத் துப்பியதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? தண்ணீர் போன வழியில் நானும் போனேன். நடை, முற்றம், தோட்டத்துக்குப் போகும் சாக்கடை வாய். அங்கே எலி வராமலிருக்கத் தேங்காய் நாரைத் திணித்து வைத்திருந்தார்கள். மண்டியிட்டு நாரை உருவினேன். சோற்றுப் பருக்கை, முடி, சோப்புத் துண்டு. நீல நிற மூடி. ஓரத்தில் இரண்டு பல் தடம், ஆணி அடித்ததுபோல.

காகிதத்தில் மடித்தேன். எச்சில் போயிருக்கும். பல் போகவில்லை.

பதினொன்றேகாலுக்கு வைத்திலிங்கம் வந்தார். ஷூவோடு ஈரத்தில் நடந்து, கட்டிலில் சுரேஷ்குமார் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்த கலர் சோடாவை வாங்கிக் குடித்தார். நோட்டைக் காட்டினேன்.

"மருந்து குடிச்சது எப்புடிய்யா பேசும்? நொர தள்ளிருக்கும்ல?"

"பேசுச்சு சார். எழுதிருக்கேன், டைம் போட்டு."

"நீ எம்எஸ்சிதான?"

"ஆமா சார்."

"அப்ப நீ எழுதுனா பெரிய எழுத்தாளன்னு நெனப்பு." சுரேஷ்குமார் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "லெட்டர் எதாச்சும் எழுதி வச்சுருக்கான்னு உள்ள தேடு. ரெண்டு சாட்சி வச்சுக்க. வயித்து வலின்னு ஒரு வரி கெடச்சாப் போதும், சோலி முடிஞ்சுது."

தேடினேன். ஊர்க்காரர் இரண்டு பேர் பின்னால் நின்று கொட்டாவி விட்டார்கள். பீரோவில் சேலைகள், அவனுடைய பனியன்கள். அரிசி டிரம்மில் அரிசி. அலமாரியில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு நகல், கை எக்ஸ்ரே. கடைசியாக ஒரு தாள். எங்கள் ஸ்டேஷனின் மனு ரசீது. தேதி இருபத்திரண்டு நாளுக்கு முன். மனுதாரர் வெற்றிச்செல்வி. கணவர் கையை முறுக்கி உடைத்தது சம்பந்தமாக. கீழே, "இரு தரப்பும் சமாதானமாகச் செல்வதாகக் கூறியதால் மேல் நடவடிக்கை தேவையில்லை."

கையெழுத்து என்னுடையது. பிரேம்குமார், வரவேற்பாளர்.

எழுத்து வரிக்கு வரி நேராக இருந்தது. எனக்கு எதுவும் நினைவில்லை. மாவுக்கட்டுக் கையோடு ஒருத்தி என் மேஜைக்கு எதிரே நின்றிருக்கிறாள். பேசியிருக்கிறாள். நான் எழுதியிருக்கிறேன். இட்லி தின்றதுபோல, பாலைக் கொட்டியதுபோல.

வைத்திலிங்கம் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். குரலைத் தணித்தார்.

"மடிச்சு பாக்கெட்ல வையி. சாட்சி ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது."

"சார்."

"யோசி பிரேமு. இது வெளிய போனா மொதல்ல சஸ்பெண்ட் ஆவுறது அவன் இல்ல, நீ. அப்புறந்தான் நான். அந்தப் புள்ள போயிருச்சு. ஒனக்கும் வூட்டுல கேக்க ஆள் இல்ல. வேலயாச்சும் இருக்கட்டும்."

அவர் என் மேல் இரக்கப்பட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. சட்டைப் பையில் வைத்தேன். கைப்பற்றிய பொருள்களின் மகஜரில் பாட்டில் ஒன்று, மூடி ஒன்று என்று எழுதினேன். மூடி எதுக்கு என்றார். எழுதிட்டேன் சார் என்றேன். ரசீதைப் பற்றி எழுதவில்லை. அன்று முழுக்க அது நெஞ்சின் மேல் இருந்தது. ஒரு தாளுக்கு எடை இல்லை. எடை இருந்தது என்று எழுதினால் பொய்.

கல்யாணமாகி நான்கு வருடம்தான். ஏழு வருடத்துக்குள் சாவு என்றால் ஆர்டிஓ விசாரணை. மறுநாள் பதினொரு மணிக்குப் பெரம்பலூரில். வெற்றிச்செல்வியின் அப்பா அரியமுத்து திருமானூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கரும்பு வெட்டுகிறவர். கை முழுக்கக் கரும்புச் சோகை கீறிய கோடுகள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"எம் மவளுக்கு வயித்து வலியே வந்ததில்ல சார். ஆடு மேய்க்கப் போனா கல்லத் தின்னாலும் செரிச்சுரும் அதுக்கு."

முன்வரிசையில் சுரேஷ்குமாரும் ஆண்டாயியும் சொல்லி முடித்திருந்தார்கள். வெற்றிச்செல்வி கடைசியாகச் சொன்னதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "என் சாவுக்கு யாரும் காரணமில்ல, எம் புருஷன் தங்கம்" என்றாளாம். நுரை தள்ளும் வாயால் தங்கம் என்றாளாம். எழுத்தர் அதையும் தட்டச்சு செய்தார். வைத்திலிங்கம் சுவரோரம் நின்று என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார்.

ஆர்டிஓ அம்மா என்னைக் கூப்பிட்டார். நோட்டைக் கொடுத்தேன். மூடி தடயவியலுக்குப் போயிருப்பதைச் சொன்னேன். பிறகு பையிலிருந்து ரசீதை எடுத்து மேஜையில் வைத்தேன். வைத்திலிங்கம் இருமினார்.

படித்தார். நிமிர்ந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க மேடம்."

"நேத்து மகஜர்ல இது ஏன் இல்ல?"

"நான் எடுத்து மறைச்சேன்."

எழுத்தரின் விரல்கள் நின்றன. ஆர்டிஓ அம்மா தட்டச்சு செய்யச் சொன்னார். செய்தார்.

"இருபத்திரண்டு நாளுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்த பொண்ண, நேத்து உங்களுக்கு அடையாளம் தெரியலையா?"

"தெரியல மேடம்."

"அந்தப் பொண்ணுக்கு உங்களத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எப்படிச் சொல்றீங்க?"

நோட்டில் இல்லாத ஒரு வரி உண்டு என்றேன். வழக்குக்குச் சம்பந்தமில்லாத வரி என்று நினைத்ததால் எழுதவில்லை, அதன் பொருளும் அப்போது புரியவில்லை என்றேன். சொல்லுங்கள் என்றார். அரியமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

108-இன் கதவைச் சாத்தப் போனபோது நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத்தான் பார்த்தாள். கோபமில்லை. சொன்னது இவ்வளவுதான்.

"போன தடவையும் நீங்கதான் சார் எழுதுனீங்க."