நான்கு நாள் தாமதம்

மூன்று சூரியன்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கிற இடத்தில் ஓர் உலகம் இருக்கிறது, அங்கே தண்ணீர் உறையாமல் கொதிக்காமல் தண்ணீராகவே நிற்கக்கூடும் என்று வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அறிவிக்கப்போகிறார்கள். அந்த உலகத்தைக் கண்டுபிடித்தவள் புதன்கிழமை மத்தியானம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதற்கான படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவள் ஆபீசில் இல்லாமல் வீட்டில் இருந்ததற்குக் காரணம், அது அப்பா வாரம்.

அப்பா வாரம் என்பது அண்ணியின் கண்டுபிடிப்பு. அம்மா போன பிறகு அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று மூன்று பிள்ளைகளும் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் அண்ணி காலண்டரில் கோடு போட்டுவிட்டாள். அண்ணன் வீட்டில் ஒரு வாரம், அடுத்தது இவள் வீட்டில், அதற்கடுத்தது தங்கை வீட்டில், மறுபடி அண்ணன். கார் அண்ணனிடம் மட்டும் இருந்ததால் ஏற்றி இறக்குவது அவன் பொறுப்பு. இந்த மூன்றரை வருஷத்தில் யாரும் யாருக்காகவும் ஒரு நாள் கூட விட்டுக்கொடுத்ததில்லை. தங்கைக்குப் பல் பிடுங்கிய அன்றும் அண்ணன் வாசலில் வந்து ஹாரன் அடித்தான், அவள் வீங்கிய கன்னத்தோடு வந்து அப்பாவின் பையை வாங்கிக்கொண்டாள்.

அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை நிமிஷம் தாமதம், ஏன் தாமதம் என்று முப்பத்தாறு வருஷம் எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு எழுத வண்டி இல்லை. அதனால் தன்னையே ஒரு வண்டியாக்கி எழுத ஆரம்பித்துவிட்டார். நீள நோட்டு, நீல மசியில் நேரம், சிவப்பு மசியில் தாமதம். 'புறப்பாடு 9.05. வருகை 9.40. பயணி ஒருவர். பை ஒன்று.' முதலில் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு யாரும் அந்த நோட்டைத் திறந்து பார்க்கவில்லை.

அவளுடைய வேலையும் ஒரு விதத்தில் அதே டைம்கீப்பர் வேலைதான். தூரத்து உலகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஓர் உலகம் சுற்றினால் அதன் சூரியனும் கொஞ்சம் முன்னும் பின்னும் அசையும், ஒரு மனுஷன் சாவகாசமாக நடக்கிற வேகத்துக்கு. அந்த அசைவை வெளிச்சத்தில் பிடிக்கிற கருவி அவர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் நிலவறையில் இருந்தது. ராத்திரியில் தொலைநோக்கி தானாகவே வெளிச்சத்தைப் பிடித்து அனுப்பும், பகலில் இவள் வந்து கணக்குப் பார்ப்பாள். மகா தொட்டாற்சிணுங்கியான கருவி. பக்கத்தில் சூடு இம்மி கூடினாலும் நட்சத்திரமே நகர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

மூன்று சூரியன்களில் சிறியது, சிவந்தது, மற்ற இரண்டையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்பது. அதுதான் அசைந்தது. இருபத்தோரு நாளுக்கு ஒரு தடவை, சொல்லிவைத்தாற்போல. நிலா வெளிச்சமாக இருக்குமோ, நட்சத்திரத்தின் மேல் இருக்கிற கரும்புள்ளியாக இருக்குமோ என்று எல்லாவற்றையும் சலித்துப் பார்த்துவிட்டார்கள். கடைசியில் உலகம்தான் என்று ஆயிற்று. அந்த உலகத்தை வைத்துத்தான் அவளுக்கு வெளிநாட்டில் ஒரு மலையுச்சித் தொலைநோக்கியில் மூன்று வருஷ வேலை கிடைத்தது. அடுத்த மாதம் போக வேண்டும். மலைக்குளிருக்கு ஒரு தடித்த கோட்டு வாங்கி அலமாரியில் மாட்டியிருந்தாள். நாற்பத்து நாலு வயதில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான். தினமும் ஒரு தடவை அலமாரியைத் திறந்து அதைத் தொட்டுப் பார்ப்பாள். அண்ணனிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவன் சொன்ன வாழ்த்து இது: "அப்போ உன் வாரத்த யாரு பாப்பாங்க?"

"இன்னும் முடியலையாம்மா?" என்றார் அப்பா, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"முடிஞ்சிடுச்சுப்பா. கடைசிப் படம்."

"உன் உலகம் ஒரு ட்ரிப்பு அடிக்க எவ்வளவு நேரம்?"

"இருபத்தோரு நாள்."

"கரெக்டா வருதா?"

"மூணரை வருஷத்துல ஒரே ஒரு தடவதான் லேட்டு. நாலு நாள்."

"நாலு நாளா! மெமோ குடுத்தியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதுதான்ப்பா விசேஷமே. மத்த ரெண்டு சூரியனும் சேர்ந்து பிடிச்சு இழுத்ததுல அது லேட்டாயிடுச்சாம். எங்க டைரக்டர் அத வெச்சு ஆறு பக்கம் எழுதியிருக்கார். எட்டாம் தேதி வரவேண்டியது பன்னண்டாம் தேதிதான் வந்துச்சு. போன வருஷம், மே மாசம்."

அந்த டைரக்டருக்கு நிலையத்தில் மைக் என்று பெயர். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் பிடுங்க ஆள் வேண்டும். 'மூன்று சூரியன்களின் இழுபறி' என்ற தலைப்பும் அவருடையதுதான்.

"இரு, இரு," என்றார் அப்பா. விரலை நாக்கில் தொட்டு நோட்டைப் புரட்டினார். "மே மாசம்... எட்டு, ஞாயிறு. வண்டி வரவில்லை. ஒன்பது, வரவில்லை. பன்னிரண்டு, வியாழன். வருகை ஒன்பது நாற்பது. தாமதம் நாலு நாள். காரணம், பெரியவன் கார் கிளட்ச் கோளாறு." நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா? நானும் அன்னைக்குத்தான் லேட்டு. நானும் உன் உலகமும் ஒரே ரூட்டு போலிருக்கு!"

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கு வரை அப்பா மாறுகிற நாள் ஞாயிறு. அன்றிலிருந்து வியாழன். உலகமும் அன்றிலிருந்து நாலு நாள் தள்ளியே வருகிறது.

"அந்த நோட்ட குடுங்கப்பா," என்றாள்.

அப்பா தன் வீட்டுக்கு வந்த தேதிகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்து, திரையில் நட்சத்திரத்தின் அசைவைக் காட்டும் கோடு கீழே இறங்குகிற தேதிகளோடு வைத்துப் பார்த்தாள். பத்து பொருந்தியது. இருபது பொருந்தியது. முப்பதுக்கு மேல் கை தானாகப் புரட்டியது. அறுபது வருகைக்கும் அறுபது இறக்கம். அப்பா வந்தால் கோடு இறங்குகிறது, ஒரு வாரம் கீழேயே கிடக்கிறது, அப்பா போனால் ஏறுகிறது. மேலே இரண்டு வாரம், கீழே ஒரு வாரம் என்று ஏன் இப்படி ஒரு பக்கம் கோணலாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, உலகம் நீள்வட்டத்தில் ஓடுகிறது என்று அவளே பதில் எழுதியிருந்தாள்.

காரணம் அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆபீசில் அவளுடைய அறை கருவி அறைக்கு ஒட்டினாற்போல் இருந்தது, நடுவில் ஒரே சுவர். அங்கே ஹீட்டர் கூடாது என்பது மைக்கின் கண்டிப்பான உத்தரவு. ஆனால் அந்த நிலவறைக் குளிரில் விரல் மரத்துப்போகும். மேஜைக்கு அடியில், அட்டைப் பெட்டிக்குப் பின்னால், ஒரு சின்ன ஹீட்டரை ஒளித்துவைத்திருந்தாள். அணைத்துப் போட்டால் மறுபடி சூடேற அரை நாள் ஆகும் என்று ராவும் பகலும் எரியவிட்டாள். அப்பா வாரத்தில் வீட்டிலிருந்து வேலை, அதனால் அந்த ஒரு வாரம் மட்டும் பொறுப்பாக அணைத்துவிட்டுப் போவாள். இல்லாத ஹீட்டரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. தன் வீட்டு முறை வானத்தில் போய்த் தெரியும் என்று அவளுக்கு மட்டும் எப்படித் தோன்றும்?

மூன்றரை வருஷமாக இந்தச் சுழற்சியிலிருந்து தப்பித்துப் போக ஒரு வழி தேடி வானத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். தோண்டி எடுத்ததும் இந்தச் சுழற்சியேதான் என்று இப்போது தெரிந்தது. சுவர்கள் நாலும் ஓரடி உள்ளே நகர்ந்து வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. எழுந்து போய் முகத்தைக் கழுவினாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து போய்க் கழுவினாள்.

வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இதை அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். வெள்ளிக்கிழமை சொல்லிவிடட்டும், அடுத்த மாதம் விமானம் ஏறிவிடலாம். அவள் போனால் ஹீட்டர் இல்லை, ஹீட்டர் இல்லையென்றால் உலகம் இல்லை. ஆனால் அதை இன்னொருவர் கண்டுபிடித்துச் சொல்ல இரண்டு வருஷம் ஆகும். இரண்டு வருஷம்! நோட்டைத் தவிர சாட்சி கிடையாது. அதைப் படிக்கவும் ஆள் கிடையாது.

"என்னம்மா, முகமே சரியில்ல?" என்றார் அப்பா. "நான் ஏதாச்சும் தப்பா எழுதிட்டேனா?"

"இல்லப்பா. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நிமிஷத்தைக் கூட மாற்றி எழுதாத மனுஷர் கேட்ட கேள்வி அது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவர் கொஞ்சம் பொய் எழுதுகிறவராக இருந்திருக்கக் கூடாதா? போனை எடுத்து மைக்கைக் கூப்பிட்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் சொன்னது, "அந்த ரூம்ல ஹீட்டரே கிடையாதே!"

"நான் வெச்சிருந்தேன் சார். உங்களுக்குத் தெரியாம."

மைக்கின் குரல் இவ்வளவு தணிந்து அவள் கேட்டதில்லை. "இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எங்கப்பாவுக்கு."

"அவரு என்னவா இருக்காரு?"

"டைம்கீப்பர் சார். ரிடையர்டு."

பெருமூச்சு கேட்டது. "அந்த மலை வேலைய உங்களுக்கு எத வெச்சுக் குடுத்தாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி. வெள்ளிக்கிழமைக் கூட்டத்த ஒத்திவைக்கிறேன். முழுசா ஒரு சுத்து, இருபத்தோரு நாள் பாப்போம். ஹீட்டரத் தொடாதீங்க. அப்புறமும் கோடு ஏறி இறங்குச்சுன்னா உலகம் இருக்கு. அசையாம நின்னுதுன்னா..." மேலே சொல்லாமல் வைத்துவிட்டார். அவருக்கும் ஆறு பக்கம் போயிற்று.

அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹீட்டர் கதையை விளக்கத் தெம்பில்லாமல், இன்னும் இருபத்தோரு நாள் ஒரு முழுச் சுற்று பார்க்கப்போவதை மட்டும் சேர்த்துச் சுருக்கமாகச் சொன்னாள். "அங்க உலகம் இல்லப்பா. நீங்க இங்க வந்தா நட்சத்திரம் ஒரு பக்கம் போகுது, நீங்க கிளம்பினா திரும்பி வருது. அவ்வளவுதான்."

அப்பா நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "அப்போ இவ்வளவு நாளா சுத்திக்கிட்டிருந்தது நான்தானா?" என்றார்.

அவள் திரையை அணைத்தாள். அப்பாவும் அதற்கு மேல் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வியாழன். ஒன்பது மணிக்கே அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, பையை வாசல் பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் கார் வந்து ஹாரன் அடித்தது. எஞ்சினை அணைக்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. கார் சத்தம் கேட்டதும் அவளுக்கு மனசு லேசாயிற்று. இன்றைக்கு அப்பா கிளம்பட்டும், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அப்பா பையை எடுக்காமல் வெறுங்கையோடு காருக்குப் பக்கத்தில் போனார். "இந்த ட்ரிப்பு ரத்துப்பா," என்றார் அண்ணனிடம். "பாப்பாவுக்கு ஆராய்ச்சி. நான் நகந்தா அங்க நட்சத்திரம் நகந்துடுதாம். முழுசா ஒரு சுத்து நான் அசையாம இங்கயே நிக்கணும். இருபத்தோரு நாள்."

அண்ணன் தலையை வெளியே நீட்டினான். "நெசமாவா பாப்பா?"

அவள் வாசற்படியில் நின்றாள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அப்பா எங்கே இருந்தாலும் ஒன்றுதான், மேஜைக்கு அடியில் இருக்கிற ஒரு ஸ்விட்சைப் போடாமல் இருந்தால் போதும். அவள் வாயைத் திறந்தாள். அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். டிப்போவில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்ற காலத்தில் இருந்த முகம் அது. தன்னால் ஒரு காரியம் ஆகிறது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஆமாண்ணா," என்றாள்.

"அதுக்கென்ன, தாராளமா இருக்கட்டும்! ஆராய்ச்சின்னா சும்மாவா?" அண்ணன் அதற்குள் ரிவர்ஸ் எடுத்துவிட்டான். "தங்கச்சிக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்." அவனை அவ்வளவு உற்சாகமாகப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

உள்ளே வந்ததும் அப்பா பையின் ஜிப்பைத் திறந்தார். மூன்றரை வருஷமாக அந்தப் பை எந்த வீட்டிலும் முழுசாகக் காலியானதில்லை, வேண்டியதை மட்டும் எடுத்து மறுபடி உள்ளே வைத்துக்கொள்வார். இன்றைக்கு நாலு சட்டையையும், போர்வையையும், மாத்திரை டப்பாவையும், அம்மாவின் போட்டோவையும் வெளியே எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் எங்கம்மா வைக்கிறது?"

வீட்டில் அலமாரி ஒன்றுதான். அவள் அந்தத் தடித்த குளிர்க்கோட்டை எடுத்து, மடித்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்பா சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டினார். பிறகு மேஜையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக ஒரு வரி எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார். 'புறப்பாடு இல்லை. காரணம், மகளுக்கு நான் இங்கே வேண்டியிருக்கிறது.'

"சரியா எழுதியிருக்கேனா, பாரு," என்றார்.

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"சரியாத்தான் இருக்குப்பா," என்றாள்.