உங்க மைக் ஆஃப்ல இருக்கு, டீச்சர்

தொண்டையில் செய்த அறுவை சிகிச்சை அறிவியல் டீச்சரின் உயிரைக் காப்பாற்றிவிட்டு, குரலை எடுத்துக்கொண்டது. அதற்காக அவள் கடவுளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. வகுப்பை மட்டும் தன்னிடம் விட்டுவைக்கும்படி கேட்டாள்.

"லீவு முடிஞ்சு வாங்க. கிளாஸ் எடுக்க முடியுதான்னு பார்ப்போம். முடியலைன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன்" என்று தலைமையாசிரியை அன்பாகத்தான் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் போய் உட்கார டீச்சருக்கு மனமில்லை.

ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் இணையக் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டவர் அவள் கணவர். முதல் கூட்டத்தன்று சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, பின்னால் கிடந்த துணிக்குவியலை மடிக்க ஆரம்பித்தார்.

"திட்டு வாங்காம துணி மடிக்கிறது இதான் முதல் தடவை. கையே ஓட மாட்டேங்குது" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டு வார்த்தை பேசித் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது அந்தக் குழுவின் வழக்கம். அவள் முறை வந்தது. கையசைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினாள்.

"உங்க மைக் ஆஃப்ல இருக்கு, டீச்சர்" என்றார் குழுவை நடத்தும் அம்மாள்.

"ஆன்லதாங்க காட்டுது" என்றார் இன்னொருவர்.

"எங்க ஸ்கூல் பெல் மாதிரி போல. தொங்கும், அடிக்காது" என்றார் ஒரு கணக்கு வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சரின் விரல் வெளியேறும் பொத்தானுக்குப் போனது. அதற்குள் கணவர் ஓடி வந்து குனிந்தார். "மைக் நல்லாத்தான் இருக்குங்க. ஆபரேஷன்ல இவங்க குரல் போயிடுச்சு."

முதலில் கணக்கு வாத்தியார் தன் மைக்கை அணைத்தார். பிறகு ஒவ்வொருவராக, எல்லோரும். அம்மாள் எழுதினார்: 'இன்று யாரும் பேச வேண்டாம். எழுதுவோம். டீச்சர், மெதுவாகவே எழுதுங்கள். காத்திருக்கிறோம்.'

உண்மையிலேயே காத்திருந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தாள்: 'குரல் இல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவது?'

பதில் கணக்கு வாத்தியாரிடமிருந்து வந்தது. 'முதலில் என்னை மன்னியுங்கள். உங்கள் வகுப்பில் வாயே மூடாத பிள்ளை ஒன்று இருக்குமே? இத்தனை நாள் அடக்கினீர்கள். இனி அதனிடம் உதவி கேளுங்கள்.'

விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன அன்று, டீச்சர் பலகையில் எழுதினாள்: 'காய்ந்த துணியிலிருந்த ஈரம் எங்கே போனது?' பிறகு, 'ரேடியோ' என்று வகுப்பே கேலி செய்யும் சிறுமியின் முன் போய் நின்று, பலகையைக் காட்டிக் கைகூப்பினாள்.

"நானா டீச்சர்? பேசலாமா?"

டீச்சர் தலையசைத்தாள்.

ரேடியோ எழுந்து கேள்வியைக் கணீரென்று படித்தாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "மேல பார்க்காதப்பா, விடை ஃபேன்ல இல்லை" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அது டீச்சர் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை, இழுப்புக்கூட மாறவில்லை. தன் குரலை இந்தப் பிள்ளை இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை, பாடத்துக்கு இடைஞ்சல் வராமல் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.