வெட்டுக்கரையில் ஒரு நிமிடம் நிற்கும் வண்டி

1.

இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் தொடங்கியது. ஸ்டேஷன் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆசியா, ஊரில் வண்டி தொடர்ந்து நிற்க வேண்டும் என்று ரயில்வேக்கு எழுதித் தரச் சொன்னார். ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் முறைப்படி போட்டேன். நன்றி சொல்லும் இடத்தில் மனு கைநழுவிப்போய்விட்டது. மனுவில் நன்றிக்கு ஒரு வரிதான் வழக்கம்; இந்தத் தெருக்காரர்களின் நன்றிக்கு அது போதவில்லை.

(பட்டுக்கோட்டைப் பாதையில் வெட்டுக்கரையைத் தேடாதீர்கள். பெயரை மாற்றியிருக்கிறேன்.)

2.

முதல் தொடக்கம்: “மீட்டர் கேஜ் வண்டி நின்ற இரண்டு நிமிடத்தில் ஒரு தெரு பிறந்து...”

அடித்துவிட்டேன். தெரு அப்படிப் பிறக்கவில்லை. தேங்காய் ஏற்ற வந்தவர்களுக்கு ஒரு டீக்கடை, அவர்கள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு, காத்திருப்பவர்களுக்குச் சலூன், பிறகு ஆசியாவின் மாமியார் போட்ட இட்லிக் கடை. அகலப் பாதைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்ததும் ஒவ்வொன்றாக மூடின. ஏழு வருஷம் பிளாட்பாரத்தில் நெல் காய்ந்தது. ஆசியா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்.

3.

வண்டி திரும்பியது, ஆறு மாதச் சோதனை நிறுத்தமாக. போதிய டிக்கெட் விற்காவிட்டால் நிறுத்தம் ரத்து. அந்த ஆறு மாதத்தை நம்பித்தான் ஆசியா வேலையை விட்டுவிட்டு வந்து கடையைத் திறந்தார்.

“முதல் வண்டியைக் கண்டதும் ஆசியாவின் கண்கள்...” (இந்த வரியைப் பிறகு பார்க்கலாம்.)

அன்று இருநூறு பேர் திரண்டார்கள். இன்ஜினுக்கு மாலை, டிரைவருக்குக் கேசரி. வண்டி போனபின், கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் கோவிந்தராசு வெளியே வந்தார்.

“மாலை போட்டீங்க, கேசரி குடுத்தீங்க. டிக்கெட்டு யாராவது எடுத்தீங்களா?”

ஒருவரும் எடுக்கவில்லை.

மறுநாள் ஆசியா பத்து டிக்கெட் கேட்டார்.

“ஏறுற ஆளுங்க எங்க?”

“ஆளு எதுக்குண்ணே? டிக்கெட்டுதானே கணக்கு.”

“ஏறாதவங்களுக்குத் தர மாட்டேன் தங்கச்சி. டிக்கெட்டு இருக்கு, வண்டியில ஆளக் காணோம்னு எழுதிட்டாங்கன்னா?”

ஆகவே, வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல வீட்டுக்கு வீடு பயண முறை வைத்தார்கள். முறை வந்தவர் கட்டாயம் எங்காவது போக வேண்டும். எதிர்வீட்டு ரெங்கம்மாள் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட கண் ஆபரேஷனை அப்படித்தான் செய்துகொண்டார். (கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று எனக்கே சந்தேகம். விசாரித்தேன். இரண்டு கண்ணும்.) போனவர்கள் சொல்லி, வெளியூர்க்காரர்கள் இட்லிக்கு இறங்கினார்கள். மூடிக் கிடந்த சலூனைச் சதீஷ் திறந்தார்.

4.

ஆசியா இதுவரை படித்தார்.

“என்னைய எதுக்குண்ணே அழ வைக்கிறீங்க? மாவு பொங்கி வழியுதேன்னு அன்னிக்குத் திட்டிக்கிட்டுல்ல நின்னேன்.”

சரி, கண்களை விட்டுவிடுவோம்.

முடிவு (அ): நிறுத்தம் நிரந்தரமாகிறது.
முடிவு (ஆ): வண்டி கூவிக்கொண்டு நிற்காமல் போகிறது, ஆசியா மறுபடி திருப்பூருக்கு...

“ரெண்டும் வேணாம். இன்னும் நாப்பது நாளு இருக்கு. கணக்குக்குத் தினம் மூணு டிக்கெட்டு குறையுது. படிக்கிறவங்கள வரச் சொல்லுங்க.” பிறகு கேட்டார்: “பேர மாத்திட்டா எப்படிண்ணே வருவாங்க?”

ஆகவே, படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தப் பட்டுக்கோட்டைப் பாதையில் வண்டி ஒரு நிமிடம் மட்டும் நிற்கும் ஏதோ ஒரு ஊரில் இறங்குங்கள். எதிரே இட்லிக் கடை இருந்தால் சாப்பிடுங்கள். நீங்கள் வந்த டிக்கெட் அந்த ஊர்க் கணக்கில் சேராது. திரும்பும் டிக்கெட்டை அங்கேயே எடுங்கள்.

எடுத்தால், மறக்காமல் ஏறுங்கள்.